தகடூரும் தேறலும்

ஓசூரில் மதுக்கடைக்கு ஜனங்கள் வைத்திருக்கிற பெயர் ‘ஒயின் ஷாப்’. சர்க்கார் பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி, வழி கேட்பவனுக்கு “ஒயின் ஷாப் தாண்டி இடதுபக்கம்” என்றுதான் பதில் கிடைக்கும். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தொழிற்பேட்டையில் ஷிஃப்டு பார்த்தவன் நான். அந்தக் கடைகளின் முன்னால் ஒருவர்கூட ஒயின் கேட்டு நின்று பார்த்ததில்லை. கேட்பதெல்லாம் அளவுதான். கட்டிங், குவார்ட்டர், ஆஃப், ஃபுல். மறுநாள் கேன்டீனில் பேச்சு வந்தால் “எவ்வளவு ஏத்தினே” என்பார்களே தவிர, எப்படி இருந்தது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. குடியைப் பற்றி நம்மிடம் புழங்குகிற பாஷை முழுக்க முகத்தலளவைப் பாஷை.

இந்தத் தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்திபெலேயில் நண்பர் ஒருவர் வீட்டில், மூன்று புட்டி சிவப்பு ஒயினைத் திறந்து ருசி பார்த்தோம். ஒரே தோட்டம், ஒரே சீட்டு. அறுவடை மட்டும் மூன்று வெவ்வேறு வருஷங்களுடையது. நண்பர் எங்கள் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்தவர். தாய்மொழி தெலுங்கு; மனைவியோடு கன்னடம்; படிப்பதும் சண்டை போடுவதும் தமிழில். மைக்ரோமீட்டர் பிடித்த கை என்பதால் எதையும் நோட்டில் குறித்துவைப்பார். பெங்களூர் போகும்போது எப்போதாவது அந்தத் தோட்டத்துப் புட்டி ஒன்றை வாங்கிவந்து அலமாரியில் படுக்கப்போட்டுவிட்டு, திறக்காமலே இருப்பது அவர் வழக்கம். வெளிமாநில மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் வழக்கு. ஜூஜூவாடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். ஆகவே நான்தான் எல்லை தாண்டிப் போனேன். பஸ்ஸில் கால் மணி நேரம்.

புட்டியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. நண்பரின் அலமாரி தகர அலமாரி, அதன் மேலே ஷீட் கூரை. அந்த வெக்கையில் கிடந்த சரக்கை வைத்து அதைச் செய்தவர்களுக்கு மதிப்பெண் போடுவது நியாயமாகாது.

இந்தப் பக்கங்களில் ஒயினுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். ருசி, ரசனை, சுவை என்று விமர்சனத்தில் நாம் கூசாமல் பயன்படுத்துகிற வார்த்தைகள் எல்லாமே நாக்கிலிருந்து கடன் வாங்கியவை. கடனைத் திருப்பிக் கொடுப்பது பற்றி யோசித்தவர்கள் நம்மில் குறைவு. எடின்பரோவில் இலக்கியப் பேராசிரியராக இருந்த ஜார்ஜ் ஸெயின்ட்ஸ்பரி — அவருடைய விமர்சன வரலாற்றை நம்மில் இரண்டு பேராவது புரட்டியிருக்கக்கூடும் — வயதான பிறகு தன் மதுக்கிடங்கின் கணக்கு நோட்டை வைத்துக்கொண்டு ஒரு புத்தகம் எழுதினார். ‘நோட்ஸ் ஆன் எ செல்லர்-புக்’, 1920. அமெரிக்காவில் மதுவிலக்கு அமலுக்கு வந்த அதே வருஷம். கவிஞர்களைப் பற்றி எழுதிய அதே வாக்கியங்களில், அதே முன்கோபத்துடன், பொர்தோவைப் பற்றியும் அவரால் எழுத முடிந்தது. மதுவிலக்குக்காரர்களைத் திட்டுவதற்கும் அதில் பஞ்சமில்லை. எங்கள் நோட்டில் முதல் ஒரு மணி நேரத்துக்கு மூன்று வரிதான் தேறியது. அதிலும் ஒன்று ‘நன்றாக இருக்கிறது’.

பொர்தோ என்று வந்துவிட்டது. பிரான்ஸின் மேற்கோரத்தில் அந்தத் துறைமுகத்தைச் சுற்றிய தோட்டங்களுக்கு 1855-இல், பாரிஸ் கண்காட்சிக்காக, தரகர்கள் ஐந்து தரமாகப் பட்டியல் போட்டார்கள். பின்னால் 1973-இல் ஒரே ஒரு தோட்டம், மூட்டோன் ரோத்சில்ட், இரண்டாம் தரத்திலிருந்து முதல் தரத்துக்கு ஏறியது. மற்றபடி அந்தப் பட்டியல் நம் ஜாதி அடுக்கைப்போல அசையாமல் நிற்கிறது. ஆனால் பட்டியலுக்கு அடியில் வேறொரு கணக்கு ஓடுகிறது. அது வருஷம். ஒரே தோட்டத்து 1961 ஒன்று, 1963 ஒன்று. மழை எப்போது பெய்தது, வெயில் எத்தனை நாள் தாங்கியது என்பதைப் புட்டி ஞாபகம் வைத்துக்கொள்கிறது. குடிப்பவன் அந்த ஞாபகத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறான்.

இந்த முறை நம் பக்கத்துக்கு வந்து நாற்பது வருஷம்கூட ஆகவில்லை. பிரெஞ்சு விமானக் கம்பெனிகளுக்கு இந்தியாவில் பிரதிநிதியாக இருந்த கன்வல் குரோவர் என்ற வியாபாரி, ஷாம்பெய்ன் பிரதேசத்து நிபுணர் ஜார்ஜ் வெஸெல் துணையோடு பல பிரெஞ்சு ரகங்களைப் பல இடங்களில் நட்டுப்பார்த்துவிட்டுக் கடைசியில் தொட்டபள்ளாபுரம் பக்கம், நந்தி மலையடிவாரத்தில் வந்து நின்றார். தோட்டம் 1988, முதல் ஒயின் 1992. தொண்ணூறுகளின் நடுவில் பொர்தோக்காரரான மிஷேல் ரோலான் ஆலோசகராக வந்தார். காபர்னே ஸோவிஞோனும் ஷிராஸும் கலந்து, பிரெஞ்சு ஓக் பீப்பாயில் ஊறவைத்த ‘லா ரிசெர்வ்’ என்கிற அவர்களுடைய சிவப்புதான் இந்தப் பாணிக்கு இங்கே வழி போட்டது. ஷிராஸ் கலந்தால் அது எப்படிப் பொர்தோ ஆகும் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. போன நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பொர்தோ வியாபாரிகளே, மெலிந்த வருஷங்களில், ரோன் நதிக்கரை எர்மித்தாஜ் மலையின் அதே ரகத்து ஒயினை ஊற்றிக் கனம் கூட்டித்தான் விற்றார்கள். சுத்தம் என்பது பின்னால் வந்த கற்பனை. இலக்கியத்திலும் அப்படித்தான்.

நந்திக்கும் ஓசூருக்கும் மண்ணில் பெரிய வித்தியாசம் கிடையாது. அதே கருங்கல் பாறை, அதே சிவப்பு மண், ஏறக்குறைய அதே மூவாயிரம் அடி உயரம். அங்கே திராட்சை ஏறியது. முன்பே அந்தப் பக்கம் ‘பெங்களூர் ப்ளூ’ என்கிற, அமெரிக்கக் கொடியின் வாரிசான கறுப்புத் திராட்சை உண்டு; கோவாவின் இனிப்புப் போர்ட் ஒயின்களுக்குப் போவது பெரும்பாலும் அதுதான். இந்தப் பக்கம் மாங்கூழ் ஆலைகளும் ரோஜாக் கூடாரங்களும் வந்தன. 2007-இல் கர்நாடகம் ஒயினுக்கென்றே ஒரு கொள்கை வகுத்தது. நாம் ஒயினை ஒரு கடையின் பெயராக மட்டும் வைத்துக்கொண்டோம்.

பொர்தோவில் குளிர்காலத்தில் கொடி தூங்கும். பதின்மூன்றாவது அட்சரேகையில் கொடிக்குத் தூக்கமே கிடையாது. ஆகவே இங்கே குளிர்காலத்தைக் கத்தரிக்கோல்தான் செய்கிறது: அறுவடை முடிந்ததும் கோடையில் ஒருமுறை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள், புரட்டாசி ஐப்பசியில் இன்னொருமுறை. அந்த இரண்டாவது வெட்டுக்குப் பின் வரும் காய் மாசி பங்குனியில் பழுக்கிறது. வருஷத்துக்கு வருஷம் வித்தியாசம் வருவது வெயிலால் அல்ல, வடகிழக்குப் பருவமழையால்.

ருசி பார்ப்பதில் இளசிலிருந்து மூப்புக்குப் போவதுதான் முறை. 2020-ஐ முதலில் திறந்தோம். நாவல்பழச் சாயம், டம்ளர் ஓரத்தில் ஊதா. ஓக் மரத்தின் வாசனை முன்னால் வந்து நிற்கிறது. பழம் அதற்குப் பின்னால் எட்டிப் பார்க்கிறது. முதல் தொகுப்பு போடும் கவிஞன் அடைமொழிகளை இறைப்பதைப்போல. அந்த வருஷப் பங்குனியில் நாடே கதவடைத்துக் கிடந்தது. அறுவடை முடிகிற நேரம் அது. எங்கள் தேசிய நெடுஞ்சாலையில் லாரிக்குப் பதில் மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். மே 4 அன்று கர்நாடகத்திலும் மூன்று நாள் கழித்துத் தமிழ்நாட்டிலும் மதுக்கடைகளைத் திறந்தபோது நின்ற வரிசைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். புட்டிக்குள் அது எதுவும் இல்லை. அதிகம் சொல்ல இல்லாத ஒயின்.

2017 வேறு ஜாதி. அதற்கான கொடிகளை வெட்டுகிற பருவத்தில், 2016 செப்டம்பர் 12, காவிரித் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் பஸ்கள் எரிந்தன. அத்திபெலேயோடு பஸ் நின்றது. குழந்தையும் மூட்டையுமாக ஜனங்கள் எல்லையை நடந்தே கடந்தார்கள். அன்று நண்பர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் போனில் பேசிக்கொண்டது கன்னடத்தில். அவர்தான் ஜாக்கிரதைக்காக ஆரம்பித்தார். தண்ணீருக்காக அவ்வளவு எரிந்த பிறகு அந்த வருஷம் வடகிழக்கு மழையே மோசமாகப் பொய்த்தது. மழை பொய்த்தால் திராட்சை சிறுத்துப்போகும். சதையைக் காட்டிலும் தோலின் பங்கு கூடும். சாயமும் துவர்ப்பும் தோலில்தான் இருக்கின்றன. 2017-இல் அது நேராகத் தெரிந்தது. வாயில் வைத்ததும் ஈறு இழுத்துப் பிடித்தது. விழுங்கிய பின்னும் விடவில்லை.

நண்பர் புட்டியின் பின்பக்கச் சீட்டை உரக்கப் படித்தார். கறுப்புக் கிஸ்மிஸ் போன்ற ஏதோ ஒரு சீமைப்பழம், சுருட்டுப் பெட்டி, வனிலா. அந்தப் பழத்தை நாங்கள் இரண்டு பேரும் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத பழத்தின் ஞாபகத்தை எப்படி வரவழைப்பது? உள்ளே ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்த அவர் மனைவியைக் கூப்பிட்டு, குடிக்க வேண்டாம், மோந்து மட்டும் பார் என்று டம்ளரை நீட்டினார். அந்த அம்மாள் மோந்தார். பிறகு, நாங்கள் எதிர்பார்க்கவில்லை, ஒரு சொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார்.

“இது நேரளேப் பழம் தின்ன வாய், அண்ணா. அப்புறம் நெல்லிக்காய் மாதிரி. தண்ணி குடிச்சா இனிக்கும் பாருங்க.”

தண்ணீர் குடித்தேன். இனித்தது. நேரளே என்று கன்னடத்தில் சொல்வது நாவலை. அன்றைக்கு நோட்டில் ஏறிய ஒரே உருப்படியான குறிப்பு அதுதான். அதைச் சொன்னவர் அந்த ஒரு சொட்டுக்கு மேல் தொடவில்லை.

துவர்ப்பு என்கிற வார்த்தை நமக்கு அறுசுவையில் ஒன்றாகச் சமையலறையிலேயே கிடக்கிறது. கொட்டைப்பாக்கு, வாழைப்பூ, நெல்லி, மாவடு எல்லாம் தினப்படிப் பழக்கம். போன வருஷப் புளிக்கும் பழம்புளிக்கும் வித்தியாசம் தெரியாத வீடு இந்தப் பிரதேசத்தில் கிடையாது. பழைய அரிசிக்குத் தனி விலை. வருஷம் ஏற ஏறப் பொருள் எப்படி மாறுகிறது என்கிற ஞானம் நம்மிடம் இல்லாமலில்லை. குடிக்கிற பொருளின் மேல் மட்டும் அது படியாமல் போயிற்று. இது எப்போது நடந்தது என்று யோசிக்கும்போதுதான் நெல்லிக்காய் என்னைத் தகடூருக்கு இழுத்துக்கொண்டு போயிற்று.

தகடூர் என்பது தர்மபுரி. ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் ஜில்லாவிலும், பிறகு 2004 வரை தர்மபுரி ஜில்லாவிலும் இருந்தவை. அதியமான் நெடுமான் அஞ்சியின் பிரதேசம் இது. நெல்லிக்கனியை அவ்வைக்குக் கொடுத்தான் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதே அவ்வை அவன் இறந்தபின் பாடிய கையறுநிலைப் பாட்டில் (புறநானூறு 235) முதலில் நினைவுகூர்வது கள்ளை என்பதைப் பள்ளிக்கூடம் சொல்லித்தரவில்லை. கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறைய இருந்தால் நாங்கள் குடித்துப் பாட, மிஞ்சியதைத் தான் குடித்து மகிழ்வான் என்கிறாள். ஒரு நட்பின் முழுக் கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. கவனித்தால் இதுவும் அளவைப் பற்றிய பேச்சுதான், சிறிது பெரிது என்று. ஆனால் எந்த அளவு! யார் முதலில், யார் மிச்சத்தை என்பதற்காக வந்த அளவு.

அவன் மகன் எழினியைப் பாடியதில் (புறம் 392) விஷயம் இன்னும் நுட்பமாகிறது. அங்கே வருவது நாட்பட்ட தேறல். அதன் கடுப்பு தேள் கொட்டியது போன்றது. வார்த்துக் கொடுத்த பொற்கலம் வானத்துக் கோள்போல் ஒளிர்ந்தது. தேறல் என்றாலே தெளிந்தது. மண்டி அடியில் தங்க, மேலே தெளிந்து நிற்பது. நாள் பட்டால் குணம் மாறும் என்று தெரிந்து, அதற்கு ஒரு உவமையும் தேடி, இந்த மண்ணில் உட்கார்ந்து ஒருத்தி சொல்லியிருக்கிறாள். மூங்கில் குழாயில் இட்டு முற்றவைத்தது, மண்ணில் புதைத்துப் பக்குவப்படுத்தியது என்றெல்லாம் சங்கப் பாட்டுகளில் வேறிடங்களில் வருகிறது. பாண்டியனுக்கு யவனர் கப்பல் கொண்டுவந்த தேறலையும் (புறம் 56) அரிக்கமேட்டில் வீலர் 1945-இல் தோண்டியெடுத்த ஜாடித் துண்டுகளையும் சேர்த்துவைத்துப் பெருமைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இறக்குமதி, துறைமுகத்தோடு நிற்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது தகடூர்த் தேறல்.

அதே 392-ஆம் பாட்டின் முடிவில், எழினியின் முன்னோர் கரும்பை இந்தப் பக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் என்ற செய்தி வருகிறது. அஞ்சியைப் பாடிய 99-லும் அது உண்டு. இன்று ஒயின் ஷாப்பில் பிராந்தி, விஸ்கி, ரம் என்று எந்தப் பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளே அடிப்படையாக இருப்பது, பெரும்பாலும், மொலாஸஸ் என்கிற கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து எடுத்த ஸ்பிரிட். அதற்கு நிறமும் வாசனையும் பிறகு சேர்க்கிறார்கள். ஊர் இல்லை, பருவம் இல்லை, வருஷம் இல்லை. அதியர் கொண்டுவந்த கரும்பு இரண்டாயிரம் வருஷத்தில் வந்து சேர்ந்த இடம் இது.

நடுவில் நடந்ததில் எல்லாம் எனக்கு அக்கறையில்லை. கடைசி இருநூறு வருஷம் போதும். 1792-இல் பாராமஹாலும், திப்பு விழுந்த 1799-இல் ஓசூரும் கம்பெனிக் கைக்கு வந்தன. கம்பெனி சர்க்காருக்கும் பின்னால் வந்த ராணி சர்க்காருக்கும் கள்ளும் சாராயமும் அப்காரி வருமானம்; ஏலம் எடுத்தவன் விற்றான். இந்த மேட்டு நிலத்தில் ஈச்சங்கள் அதிகம். என் பாட்டனார் ஒருமரத்துக் கள் என்று ஒன்றைச் சொல்லுவார்: பல மரத்துக் கள்ளைக் கலக்காமல், தெரிந்த மரத்திலிருந்து, தெரிந்த ஆள் இறக்கியது. விடியலில் ஒரு ருசி, உச்சியில் ஒன்று, பொழுது சாய்ந்தால் ஒன்று. பொர்தோக்காரன் தோட்டத்தையும் வருஷத்தையும் பார்த்தால் இவர் மரத்தையும் மணியையும் பார்த்தார். அந்த வார்த்தைகள் அவரோடு போய்விட்டன, ஏனென்றால் அவருக்குப் பின் அந்தப் பேச்சைப் பேசினால் குற்றம், அல்லது அவமானம்.

குற்றமாக்கியவரும் இந்த மண்ணுக்காரர்தான். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்தவர் ராஜாஜி. 1925-இல் திருச்செங்கோட்டுப் பக்கம் காந்தி ஆசிரமம் வைத்து, 1929-இல் கல்கியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்கென்றே ஒரு பத்திரிகை நடத்தினார். (சிறுபத்திரிகை நடத்துகிற நாம் கொஞ்சம் பொறாமையோடு நினைக்கலாம்: தன் பத்திரிகையின் கொள்கையைப் பத்து வருஷத்துக்குள் சட்டமாக்கிய ஆசிரியர் தமிழில் அவர் ஒருவர்தான்.) 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், அக்டோபர் 1 முதல், மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது தன் சொந்தச் சேலம் ஜில்லாவில். அவர் பிறந்த ஓசூர்த் தாலுகாவும் அதில் அடக்கம். இழந்த அப்காரி வருமானத்துக்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி வந்தது. இன்று எந்தப் பொருள் வாங்கினாலும் நாம் கட்டுகிற வரிக்கு இந்த மாகாணத்தில் மூலம் மூடிய கள்ளுக்கடை.

ராஜாஜியைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அது கைவரவில்லை. லைன் வீடுகளில் குடியிருந்தவனுக்குச் சம்பள நாள் ராத்திரிச் சத்தம் தெரியும். அவர் அதைக் கேட்டவர். ஆனால் அவர் கண்டது போதையை மட்டும். ருசி என்று ஒன்று அதிலிருந்து பிரித்தெடுக்கக்கூடியது என்று அவருக்குப் படவில்லை. மூடினார். பிறகு வந்தவர்கள் திறந்தபோதும் ருசியைத் திறக்கவில்லை, வருமானத்தைத் திறந்தார்கள். 1948-இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971-இல் அதைத் தளர்த்தப் போகிறார்கள் என்றதும் தொண்ணூறு வயது தாண்டிய ராஜாஜி முதலமைச்சரை நேரில் போய்ப் பார்த்து, வேண்டாம் என்று கெஞ்சினார். பலனில்லை. அதன்பின் மூடல், திறப்பு, மூடல். 1983-இல் டாஸ்மாக், 1987-இலிருந்து கள்ளும் சாராயமும் கிடையாது, 2003-இல் சில்லறை விற்பனையும் சர்க்காரிடமே வந்தது. 2023-24-இல் அதன் வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தத் துறையின் பெயரில் இன்றும் முதலில் வருவது மதுவிலக்கு.

அத்திபெலேக்குத் திரும்புகிறேன். மூன்றாவது புட்டி 2008.

கார்க் பாதியில் உடைந்தது. சுண்ணாம்புக்குக் கட்டும் மெல்லிய துணியில் வடிகட்டி, அரை மணி நேரம் சும்மா வைத்தோம். நிறம் செங்கல் ஆகியிருந்தது. முதலில் வந்தது ஈரத் தொழுவத்தின் வாடை. போய்விட்டது என்றார் நண்பர். பிறகு மெல்ல வேறொன்று மேலே வந்தது. பழம்புளி, காய்ந்த அத்தி, மழைக்கு முந்தைய மண். துவர்ப்பு கரைந்து அடியில் மண்டியாகப் படிந்துவிட்டிருந்தது. நாக்கில் ஒரு நிழல் மட்டும். அது ரசாயனம்தான்: துவர்ப்புப் பொருள்கள் வருஷக்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கனம் தாங்காமல் கீழே விழுகின்றன. தகர அலமாரியின் வெக்கை அதைச் சீக்கிரம் கிழடாக்கியிருந்தது. ஆனாலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. நண்பர் நோட்டை எடுத்தார். சீட்டிலிருந்த 2008 என்ற எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

அந்த வருஷம் மாசி பங்குனியில் இந்தப் பழம் பறித்தார்கள். மே மாதம் இதே எல்லையில், பெங்களூர், கோலார், கிருஷ்ணகிரி ஜில்லாக்களில், மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து ஏறத்தாழ 150 பேர் செத்தார்கள். முந்தைய வருஷம், 2007 ஜூலை 1 முதல், கர்நாடகம் சாராயத்தைத் தடை செய்திருந்தது. அதுவரை பாக்கெட்டில் விற்ற சாராயம் நின்றது. அதே கூலிக்குள் கிடைக்கிற வேறொன்று இல்லாமல் போயிற்று. எல்லைக்கு இருபுறமும் யாரோ அந்த இடத்தை நிரப்பினார்கள்.

எங்கள் லைன் வீட்டில் என் கதவுக்கு அடுத்த கதவில் ஒருவர் இருந்தார். லோடு ஏற்றுகிற வேலை. என்னை ‘அண்ணே’ என்பார். வயதில் என்னைவிட மூத்தவர். முந்தின நாள் சாயங்காலம் இருபது ரூபாய் கேட்டார். எதற்கு என்று தெரிந்துதான் கொடுத்தேன். மறுநாள் பகல் பதினோரு மணிக்கு, வாசலில் வெயில் கொளுத்துகிறது, “அண்ணே, கொஞ்சம் லைட்டைப் போடுங்க” என்றார். மெத்தனாலை உடம்பு ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் போவது கண் நரம்பு. அதற்குக் கொடுக்கிற முறிவு மருந்துகளில் ஒன்று நல்ல சாராயமே, எத்தில் ஆல்கஹால். ஈரலில் மெத்தனாலுக்கான இடத்தை அது பிடித்துக்கொண்டு விஷமாகாமல் தடுக்கும். இதை நான் பின்னால் படித்தேன். சாயங்காலம் அவர் போய்விட்டார்.

ஒயினை ஒரு தேசத்தின் குலதெய்வம்போல் வர்ணித்துக்கொண்டுபோன ரோலான் பார்த், ‘மித்தாலஜீஸ்’ கட்டுரையின் கடைசியில் திடீரென்று அல்ஜீரியாவுக்குத் திரும்புகிறார்: ரொட்டிக்கு வழியில்லாத முஸ்லிம்களின் நிலத்தில், அவர்களுக்கு வேண்டாத கொடியைக் குடியேற்றக்காரர்கள் நட்டார்கள், அதனால் இது அப்பாவியான சந்தோஷமாக இருக்க முடியாது என்று. இளவயதில் படித்தபோது அது கட்டுரைக்கு வெளியே ஒட்டவைத்த அரசியல் என்று பட்டது. நந்தியில் யாருடைய ரொட்டியையும் பிடுங்கிக் கொடி நட்டதாக நான் சொல்லவில்லை. எண்பது கிலோமீட்டருக்குள், ஒரே வருஷத்தில், ஒன்றின் மேல் 2008 என்று அச்சடித்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் படுக்கவைத்தோம். இன்னொன்றுக்குச் சீட்டே கிடையாது. பக்கத்துக் கதவுக்காரர் என்ன குடித்தார் என்று போலீஸ் கேட்டபோது அவர் மனைவியால் ‘பாக்கெட்’ என்றுதான் சொல்ல முடிந்தது.

“எழுதலையா சார்?” என்றார் நண்பர்.

“நீங்க எழுதுங்க.”

அவர் எழுதினார். பழம்புளி, அத்தி, மண். பிறகு பேனாவை வைத்துவிட்டு, மிஞ்சியதை இரண்டு டம்ளரிலும் சமமாக ஊற்றினார். அவருக்கும் அந்த மனிதரைத் தெரியும். மண்டி வராமல் சாய்த்துப் பிடித்திருந்த கை ஆடவில்லை. களியும் அவரைக்காய்ச் சாறும் வந்தது. சாப்பாட்டோடு அந்தக் கிழட்டு ஒயின் எதிர்பாராமல் நன்றாகப் போயிற்று. சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது; அன்று ருசித்தவற்றில் அதுதான் சிறந்தது.

இருட்டிய பின் பஸ் ஏறினேன். ஜூஜூவாடியில் நிறுத்தி ஏறினார்கள். இளைஞன், மதுவிலக்குப் போலீஸ். என் பையில் துண்டும் இரண்டு புத்தகமும் இருந்தன. குனிந்தவன் என் மூச்சை மோந்திருக்க வேண்டும்.

“பெரியவரே, என்ன, அந்தப் பக்கம் ஒரு குவார்ட்டரா?”

ஆமாம் என்றேன்.